தஞ்சையில் ஆறு வர்ணங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும், வெயிலில் கல் தரையில் கால் சுட்டு ஓடியதுமே கண்ட பலன். கர்ப்பக்கிருகத்தைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றுக்குள் மட்டும் போனதில்லை. பொதுஜனங்களுக்கு அதைத் திறப்பதில்லை. இந்தத் தடவை சைத்ரிகரான என் சிநேகிதர் ஒருவர் அனுமதி வாங்கிவிட்டார்.

அவருடைய கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலஞ்சென்ற தம் தாயாரின் முகத்தை எழுத அவர் இரண்டு வருஷமாக முயன்று வருகிறார். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. நாற்பது குழாய் வர்ணங்களை வைத்துக்கொண்டு படம் மேல் படமாக எழுதிப் பார்த்தார். "புடவை வருகிறது, மூக்குத்தி வருகிறது, அம்மா மட்டும் வரவில்லை, ஐயா!" என்றார்.

ராஜராஜ சோழர் 1010-ல் கட்டி முடித்த இக்கோயிலில், சோழர் காலத்துச் சித்திரங்களின்மேல் நாயக்கர் காலத்தில் வேறு சித்திரங்களைத் தீட்டி மூடியிருந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931-ல் அவற்றைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். பிற்பாடு தொல்பொருள் இலாகாவினர் சில இடங்களில் மேற்பூச்சை அழிக்காமலே பெயர்த்தெடுத்துத் தனியே காப்பாற்றினார்கள். நல்ல காரியம். ஒன்றைக் காட்டுவதற்காக மற்றொன்றைக் கொல்வானேன்?

கைவிளக்கின் ஒளியில் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சுந்தரரின் கல்யாணத்தைத் தடுக்க வந்த கிழவர் தென்பட்டார். கையில் ஓலை, தளர்ந்த தேகம், ஆனால் முகத்தில் என்ன பிடிவாதம்! எதிரே இருக்கும் சபையோரில் ஒருவருக்குத் திகைப்பு, ஒருவருக்குச் சந்தேகம். சற்றுத் தள்ளித் திரிபுரமெரிக்கும் பெருமானின் விழிகளில் கோபம் கொதிக்கிறது. தாடி வைத்த முதியவர் ஒருவருக்குப் பின்னால் அரசர் ஒருவர் நிற்கிறார். கருவூர்த் தேவரும் ராஜராஜரும் என்கிறார்கள். வேறு அபிப்பிராயமுள்ளவர்களும் உண்டு. யாராயிருந்தாலும், அந்த அடக்கம் ராஜாக்களிடம் எளிதில் காணக்கூடியதல்ல.

இத்தனைக்கும் வர்ணங்கள் எத்தனை என்கிறீர்கள்? சுண்ணாம்பு வெள்ளை, விளக்குக்கரி, மஞ்சட்காவி, செங்காவி, பச்சை மண், லாபிஸ் கல்லை அரைத்தெடுத்த நீலம்: ஆறேதான். ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் சோதித்துக் கண்ட முடிவு இது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதும்போது, அதன் காரத்தைத் தாங்கும் மண்ணும் கல்லும் கரியுமே நிற்கும். இலை, பூக்களின் சாயம் வெளிறிவிடும். பூச்சு உலருமுன் எழுதி முடித்துவிடவும் வேண்டும். ஆகவே ஓவியர் வர்ணத்தைத் தேடி அலையவில்லை. காவியிலே சதையை உண்டாக்கினார். அதே காவியை இருட்டாக்கி இமையையும் உதட்டோரத்தையும் ஒரே கோட்டில் இழுத்துவிட்டார். பாவம் முழுதும் அந்தக் கோட்டில் இருக்கிறது.

சிநேகிதர் கிழவரின் முகத்தெதிரே வெகு நேரம் நின்றார். காவலாளி இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார். வெளியே வந்தபின், "அம்மாவுக்கும் ஓலைச் சுவடி பார்க்கும்போது இப்படித்தான் புருவம் ஏறும், அதை மறந்தே போனேன்" என்று மட்டும் சொன்னார்.

சென்ற வாரம் கடிதம் வந்தது. வெள்ளை, கருப்பு, காவி இரண்டு. மற்றக் குழாய்களையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாராம். புருவமும் கண்ணும் வந்துவிட்டனவாம். வாய் இன்னும் வரவில்லையாம்.