நிறுத்துன்னா நிக்கணும்ல!

நேத்து ராத்திரி அஸ்தினாபுரத்துல கரண்ட் கட். லேப்டாப்புல பேட்டரி 22 சதவீதம். ஆர் மொழியில மூணு மணி நேரமா ஒரு லூப் ஓடுது. முடிவெல்லாம் மெமரியில, ஒண்ணுமே சேமிக்கலை. காலையில கொடுத்தாகணும்.

எமாக்ஸ்ல கண்ட்ரோல்-சி ரெண்டு தடவை தட்டினேன். ம்ஹூம். லூப்புக்குள்ள சோதனைக்குப் போட்ட பிரிண்டை எடுக்க மறந்திருக்கேன். நம்பரா கொட்டுது. அதைத் திரையில காட்டுறதுலயே எமாக்ஸ் திணறுது, நான் தட்டுறது எங்க கேக்கும்?

விண்டோவை மூடிடலாமான்னு கை பரபரத்துச்சு. மூடினா மூணு மணி நேரமும் கோவிந்தா. "படுடா, காலையில பாத்துக்கலாம்"னு அம்மா வேற.

அப்புறம்தான் உறைச்சுது, எமாக்ஸ்கிட்ட ஏன் கெஞ்சணும்? இன்னொரு டெர்மினல் திறந்து, ஆரோட ப்ராசஸ் நம்பரைத் தேடி, கில் கட்டளையில இன்டரப்ட் சிக்னலை நேரா அதுக்கே அனுப்பினேன். (வெறும் கில் மட்டும் அடிச்சுடாதீங்க மக்களே, ஆளே காலி!) ஆர் வேலைக்கு நடுவுல அப்பப்பதான் சிக்னலை எட்டிப் பாக்கும். 1.0.0 வெளிவந்ததே 2000 பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒருக்கா பொறந்தநாள் கொண்டாடுற ஆளு, கூப்பிட்டதும் திரும்புமா?

அரை நிமிஷம் திக் திக். நின்னுச்சு. அதுவரைக்கும் முடிஞ்சதெல்லாம் லிஸ்ட்ல பத்திரமா இருந்துச்சு. சேமிச்சு முடிக்கிறப்ப பேட்டரி 6.

ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் மொத வேலையா அந்த பிரிண்ட் வரியைத் தூக்கிட்டு, மிச்சத்தை ஓடவிட்டேன்.