பாம்பன் பாலத்தில் ஒரு வேன்

சாலைப் பாலத்தில் ஓரம்கட்டிய வேனிலிருந்து மதுரைக் குடும்பம் ஒன்று இறங்குகிறது. இறங்கியதும் பாட்டியின் முந்தானையைக் காற்று பிடித்து இழுக்கிறது. அப்பா செல்போனை எடுத்துவிட்டார். எல்லோர் கண்ணும் புதுப் பாலத்தின் மேல்தான். இருக்காதா பின்னே? 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீள நடுத்துண்டு அப்படியே மேலே எழும்புகிறது.

பக்கத்தில் பழையது, 1914-இல் திறந்தது. அதன் தூக்குப்பாலத்தை இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால்தான் சுற்றித் திறந்தார்கள். 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. உப்புக்காற்று மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை.

"அறுபத்து நாலு புயல்ல இதுல முக்காவாசி போயிருச்சு சார்," என்று வேன் டிரைவர் ஆரம்பிக்கிறார். பலமுறை சொல்லித் தேய்ந்த சரளம். "ரயில்வே ஆறு மாசம் கெடு குடுத்துச்சு. மேலதிகாரி மூணே மாசம்னாரு. ஸ்ரீதரன் சார் 46 நாள்ல முடிச்சிட்டாரு."

"மெட்ரோ ஸ்ரீதரனா?"

"அவரேதான். அப்ப வயசு முப்பத்திரண்டு."

"அவருக்கு என்ன குடுத்தாங்க?" பையனுக்குப் பத்து வயது இருக்கும்.

"ரயில்வே மந்திரி விருது குடுத்தாரு."

"எங்க எழுதியிருக்கு?"

டிரைவர் பாலத்தைப் பார்க்கிறார், பையனைப் பார்க்கிறார். "பாலத்துல எல்லாம் எழுத மாட்டாங்கடா தம்பி."

பையன் விடவில்லை. கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்தி எட்டிப் பார்த்து, எது அப்போது மாட்டியது, எது முதலிலிருந்தே இருந்தது என்று தேடுகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று நானும் தேடினேன். தூணுக்குத் தூண் ஒரே துரு, ஒரே நிறம். பழுதுபார்க்கும் வேலையில் இதுதான் சங்கடம்; நன்றாகச் செய்துவிட்டால் செய்த இடமே தெரியாது. இப்போது கட்டுமானத் துறை விருது விழாக்களில் ‘மறுசீரமைப்பு’ என்று தனிப் பிரிவு உண்டு. முன்பு, பின்பு என இரண்டு படங்களைத் திரையில் போட்டுவிட்டால் மண்டபம் கை தட்டிவிடும். இங்கே கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடிப் பிடித்து, தூக்கி, திரும்பத் தூணில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு எந்தத் திரை?

கொஞ்சம் தள்ளி, தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பாமலே பேசுகிறார். "கர்டரு கெடந்த எடத்தக் காட்டிக் குடுத்தது எங்காளுகதான்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. டிரைவருக்குக் கேட்டது, ஆனால் அவர் கதையில் அதற்கு இடமில்லை போலும், அப்பாவிடம் வேண்டுமானால் படம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். பெரியவர் இரையை மாற்றிக்கொள்கிறார்.

குடும்பம் வரிசையாக நிற்கிறது. டிரைவர் இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்கிறார். பழைய பாலம் படத்துக்கு வெளியே போகிறது.

படத்தைப் பார்க்க யாரும் பாட்டியைக் கூப்பிடவில்லை. அவர் பழைய இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இனி ரயிலே போகாதாப்பா?"

"போகாதும்மா. பிரிக்கப் போறாங்கன்னு பேச்சு."

"அம்புட்டு இரும்பும் எடைக்குத்தான் போகுமா?"

"வேற எங்க போகும்? ஏறுங்க ஏறுங்க, ராமேஸ்வரத்துல நடை சாத்திருவாங்க."