செவி கற்பித்த பாடம்

ஈராண்டுகளுக்கு முன் ஒருநாள், பதினொன்றாம் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். சீர்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இணைப்பின் பெயரை வினவினேன். முன்வரிசை மாணவி எழுந்து, "தளை, ஐயா" என்றாள். என் செவியில் "களை" என்று விழுந்தது. திருத்தமாகச் சொல்லுமாறு இருமுறை கடிந்தேன். அவள் கண்கலங்க அமர்ந்தாள். "அவள் சரியாகத்தான் சொன்னாள், ஐயா" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

அந்த வாரமே செவித்திறன் பரிசோதனைக்குச் சென்றேன். ஒலிபுகா அறையில் அமரவைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்பினர். கேட்டபோதெல்லாம் பொத்தானை அழுத்தினேன். எனக்குக் கேட்ட மிக மெல்லிய அளவுகளை டெசிபலில் குறித்து வரைபடமாக்கினர். தாழ்ந்த அதிர்வெண்களில் சீராகச் சென்ற கோடு, 2000 ஹெர்ட்சுக்கு மேல் சரிந்தது.

உட்செவியிலுள்ள காக்ளியாவின் மயிரிழைச் செல்களே ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. முதுமையாலோ பேரிரைச்சலாலோ அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளே பெரும்பாலும் முதலில் மங்கும். உயிரொலிகள் வலிமையானவை, வல்லின மெய்களை வேறுபடுத்தும் நுண்ணொலிகளோ மெல்லியவை. ஆகவே, பேச்சு கேட்கும், சொல் விளங்காது. மெய்ம்மயக்கம் கற்பித்தவன் செவியிலேயே மெய்கள் மயங்கின!

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அம்மாணவியிடம் வருத்தம் தெரிவித்தேன். இன்று செவித்துணைக் கருவி அணிந்தே பாடம் நடத்துகிறேன். விடை தவறெனத் தோன்றினால், "இன்னொரு முறை சொல்லம்மா" என்கிறேன். பிழை என் செவியிலும் இருக்கலாம் அல்லவா?