இன்னொருவர் அடைத்த தோட்டா

துப்பாக்கியைப் பற்றி எழுதுவேன் என்று நானே எதிர்பார்த்ததில்லை. தீபாவளி வெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடியவன் நான். ஆனால் 2003 முதல் 2009 வரை ஒஹையோ மாநிலத்தில் வசித்தபோது, நான் மிக அதிகமாகப் பேசிப் பழகிய அமெரிக்கர், பக்கத்து வீட்டு நிலவறையில் தோட்டா அடைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர். ஏதோ ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு குளிர்காலத்தில் அவர் வாசலில் பனி அள்ள உதவினேன். காப்பி கொடுத்து, 'வா, ஒன்று காட்டுகிறேன்' என்று கீழே அழைத்துச் சென்றார்.

கனத்த மர மேசை. அதில் பிணைக்கப்பட்ட கைநெம்பு அழுத்தப்பொறி, ஒரு சிறு தராசு, ஐம்பது துளைகள் இட்ட பலகை, அத்துளைகளில் நின்றிருந்த பித்தளைக் குப்பிகள். சுட்டு முடித்த தோட்டாவின் குப்பி வீணாவதில்லை. அழுத்தத்தில் சற்று உப்பியிருக்கும், அவ்வளவுதான். அதை அச்சுக்குள் செலுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கி, எரிந்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தி, வாயைச் சிறிது விரித்து, மருந்திட்டு, குண்டை இருத்தி, விளிம்பை இறுக்கினால் மீண்டும் ஒரு தோட்டா. மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் வரும் என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை மறக்க இயலாது. எங்கள் நட்பு அங்கேதான் தொடங்கியது.

அவர் சுட்டது ரிவால்வரில் அல்ல. வாரன் சென்டர் என்பவர் வடிவமைத்து 1967ல் வெளிவந்த 'கன்டென்டர்' என்னும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி அவருடையது. நடுவில் மடங்கித் திறக்கும், ஒரு தோட்டா, சுட்டபின் மறுபடி திறக்க வேண்டும். பின்புறம் தோட்டா இடும் ரைஃபிளை மான் வேட்டைக்கு ஒஹையோ 2014 வரை அனுமதிக்கவில்லை, ஆனால் கைத்துப்பாக்கிக்குத் தடையில்லை. ஆகவே அங்கே இத்தகைய துப்பாக்கிக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது.

ஒரே தோட்டா என்பதைக் குறையாகவே நான் எண்ணினேன். அவர் ஒரு கதை சொல்லி மாற்றினார். 1983ல் ரூகர் நிறுவனம் .357 மேக்ஸிமம் என்ற நீண்ட தோட்டாவுக்காக ஒரு ரிவால்வர் வெளியிட்டது. ரிவால்வரில் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தவிர்க்க முடியாதது. அதன் வழியே பீறிட்ட வாயு மேற்சட்டத்தின் எஃகையே அரித்தது. விரைவிலேயே உற்பத்தி நின்றது. அதே தோட்டாவுக்கான கன்டென்டர் குழலில் அந்தச் சிக்கலே எழவில்லை, ஏனெனில் அங்கே இடைவெளியே கிடையாது. 'ஆறு முறை சுடுவதற்கான விலை அந்த இடைவெளி' என்றார்.

இந்த வலிமையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 1935ல் .357 மேக்னம் வந்தபோது, அதன் குப்பியைப் பழைய .38 ஸ்பெஷலைவிட அங்குலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீட்டினார்கள். பழைய துப்பாக்கிக்குள் அது நுழையக் கூடாது என்பதே நோக்கம். 1955ன் இறுதியில் வந்த .44 மேக்னமிலும் அதே உத்தி. எவ்வளவு எளிய, எவ்வளவு கருணையான ஏற்பாடு! படிக்கத் தெரியாதவனையும் அந்த நீளம் காப்பாற்றிவிடும்.

ஆனால் பெரியவர் நேசித்தது .45 கோல்ட். 1873ல் கரிமருந்துக்காகப் பிறந்த தோட்டா. இன்றும் அதற்கு விதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. .44 மேக்னமுக்கு 36,000. கன்டென்டரும் ரூகரின் வலுவான ரிவால்வரும் 14,000த்தைப் பெரிதும் தாண்டியும் தாங்கும் என்பதால், கையேடுகளில் அவ்விரண்டுக்கும் மட்டும் என்று தனிப் பகுதி இருக்கும். அப்படி அடைத்த தோட்டாவுக்கு மேக்னம் என்ற பெயரும் இல்லை, அதிக நீளமும் இல்லை. பழைய கோல்ட் ரிவால்வருக்குள்ளும் தாராளமாக நுழையும். பெரியவரிடம் அப்படி ஒரு பழைய கோல்ட் இருந்தது, அவருடைய தந்தையுடையது.

ஆகவே அவர் தாமே ஒரு வேலி போட்டுக்கொண்டார். வீரியமான தோட்டாக்களில் குண்டைச் சற்று வெளியே தள்ளி இருத்துவார். கன்டென்டரில் அது பொருந்தும். கோல்டில் இட்டால் குண்டின் மூக்கு உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுழல விடாது. பயிற்சிக்கான மென்மையான தோட்டாக்கள் மட்டும் வழக்கமான நீளத்தில். அவற்றின் பெட்டிகளில் 'மென்மை, கோல்டுக்கும் ஆகும்' என்று எழுதிவைப்பார். எனக்கு இது ஓர் அழகிய இலக்கணம் போலத் தோன்றியது.

மருந்திடும்போது பேசக் கூடாது என்பது அவர் விதி. ஐம்பது குப்பிகளும் நிரம்பியபின் டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் மருந்தின் மட்டத்தைப் பார்ப்பார். அதன்பிறகே குண்டை எடுப்பார். பிறர் அடைத்த தோட்டாவை எக்காலத்திலும் சுடாதே என்பது இன்னொரு விதி.

2008 அக்டோபரில் அவர் காலமானார். இறுதி இரண்டு ஆண்டுகளில் பெயர்கள் அவருக்கு நழுவத் தொடங்கியிருந்தன. நவம்பரில் அவருடைய மகன் வந்து பெட்டிகளைப் பிரித்து அடுக்கினார். தந்தையின் நினைவாக, பாட்டனாரின் கோல்டில் அந்த மென்மையான தோட்டாக்களைச் சுட வேண்டும் என்பது அவர் ஆசை. நீளமானவை வேண்டாம், குட்டையானவை போதும் என்றார். நியாயமான ஆசைதான். நான் பெரியவரின் விதியை நினைவூட்டினேன். 'அவர் பிறரா?' என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆயினும் பிடிவாதமாக நின்றேன்.

முழுத் தோட்டாவை நிறுத்துப் பார்த்தால் தெரியாது. குப்பிக்குக் குப்பி, வார்த்த குண்டுக்குக் குண்டு இருக்கும் எடை வேறுபாட்டில் அந்தச் சில கிரெயின்கள் மறைந்துபோகும். பிரித்துத்தான் ஆக வேண்டும். அதற்கென்று சுத்தியல் வடிவில் ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. தோட்டாவை அதன் தலையில் செருகி ஓங்கித் தட்டினால், குப்பி நின்றுவிடும், குண்டு நழுவி விழும், மருந்து கொட்டும். இரண்டு நாள் மாறிமாறித் தட்டினோம்.

நாங்கள் அஞ்சிய வீரியத் தோட்டாக்கள் ஒன்றுபோல் துல்லியமாக இருந்தன. மெதுவாக எரியும் மருந்து குப்பியை ஏறக்குறைய நிரப்பிவிடுவதால், அவற்றில் இருமுறை இடுவதற்கு இடமே இல்லை. மென்மையானவை அப்படியல்ல. விரைந்து எரியும் மருந்து சிறிதளவே போதும். கரிமருந்துக்காக அமைந்த அந்தப் பெரிய குப்பியின் அடியில் அது கிடக்கும். இன்னொரு மடங்கு விழுந்தாலும் வழியாது. '2008 பிப்ரவரி' என்று எழுதிய ஒரு பெட்டியில், ஒரு தோட்டாவில் மருந்தே இல்லை. இன்னொன்றில் இரு மடங்கு. முதலாவது, குண்டைக் குழலின் நடுவே சிக்கவைத்திருக்கும். இரண்டாவது, பாட்டனாரின் கோல்டைப் பிளந்திருக்கும், பிடித்த கையையும்.

மகன் வெகுநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். 'எப்படி நேர்ந்திருக்கும்?' என்றார். நான் பெரியவரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தத் தேதிக்கு எதிரே மருந்தின் பெயர், எடை, ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: பக்கத்து வீட்டுக்காரன் சுருள்சுருளாக ஒரு தின்பண்டம் கொண்டுவந்தான், நன்றாக இருந்தது.

முறுக்கு. ஊரிலிருந்து வந்தது. அவர் மருந்திட்டுக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றதும், .44 மேக்னமுக்காக வாதாடிய எல்மர் கீத் என்ற எழுத்தாளரைப் பற்றிக் கேட்டதும் நினைவுக்கு வந்தன. கீத் 1925ல், தாமே அடைத்த தோட்டாவால் ஒரு .45 கோல்ட் கையில் வெடித்த பிறகே .44 பக்கம் திரும்பினார். அந்தக் கதையை நெம்பிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவையாகச் சொன்னார் பெரியவர். சொல்லி முடித்து முறுக்கைக் கடித்தார். பிறகு வேலையைத் தொடர்ந்தார். அன்று டார்ச் அடித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

'வயதாகிவிட்டதல்லவா' என்றேன் மகனிடம். அவரும் தலையசைத்தார்.

கொட்டிய மருந்தைப் பெரியவரின் மனைவி வாங்கிக்கொண்டு போய் ரோஜாப் பாத்தியில் மெல்லிதாகத் தூவினார். அதில் நைட்ரஜன் இருக்கிறது, செடிக்கு நல்லது என்று கணவர் சொல்லியிருந்தாராம். நோட்டுப் புத்தகத்தை மூடி மகனிடம் கொடுத்தேன். அந்தப் பக்கம் அதில்தான் இருக்கிறது. அவர் படித்தாரா என்று நான் கேட்டதில்லை.