பெயர் மாறிய கார்டு

செப்டம்பர் 6, 2025, சனி மாலை

கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, டிசைன் கோப்புகள் இருக்கும் மூலைக் கம்ப்யூட்டரை டெபியன் 12-இலிருந்து 13-க்கு ஏற்ற உட்கார்ந்தேன். புதியது வெளிவந்தது ஆகஸ்ட் 9-இல். அந்த மெஷினுக்கு மானிட்டர் கிடையாது, லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்தான். லேப்டாப் இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை நிற்காமல் ஓட, எல்லாவற்றையும் டிமக்ஸுக்குள்ளேயே தொடங்கினேன்.

பாதி இறங்கும்போது பிராட்பேண்ட் போனது. தம்பி பதறிவிட்டான். “அண்ணே, மெஷின் அவ்ளோதானா?” அதெல்லாம் இல்லை. ஆப்ட் முதலில் எல்லாவற்றையும் டிஸ்கில் சேர்த்துக்கொண்டுதான் எதையும் நிறுவத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் லைன் போனால் போவது நேரம்தான். நெட் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன், மிச்சத்தை மட்டும் இழுத்துக்கொண்டது.

இரவு

ரீபூட் ஆனபின் பிங்குக்குப் பதிலே இல்லை. மானிட்டரைத் தூக்கிப்போய் மாட்டினேன். கார்டில் பச்சை விளக்கு எரிகிறது, கேபிளும் சரி. ‘ஐபி லிங்க்’ அடித்ததும் விஷயம் புரிந்தது: சாயங்காலம்வரை இஎன்பி3எஸ்0 ஆக இருந்த கார்டு இப்போது இஎன்எஸ்1. நெட்வொர்க் கோப்போ பழைய பெயரையே தேடுகிறது.

முன்பு கர்னல் கண்ட வரிசையில் ஈத்0, ஈத்1 என்று வைக்கும். இரண்டு கார்டு இருந்தால் இடம் மாறிவிடும். அதைத் தவிர்க்கவே 2013-இல் சிஸ்டம்டி, கார்டு செருகிய இடத்தைக் கொண்டு பெயர் வைக்க ஆரம்பித்தது. பயாஸ் சொல்லும் ஸ்லாட் எண்ணைப் புதிய பதிப்பு வேறுவிதமாக எடுத்துக்கொண்டால் பெயரும் மாறும். டெபியன் வெளியீட்டுக் குறிப்பே இதை எச்சரிக்கிறது. ஒற்றைக் கார்டு வைத்திருக்கும் அச்சகத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோப்பில் பெயரைத் திருத்தி நெட்வொர்க்கிங் சேவையை ரீஸ்டார்ட் செய்ததும் ஐபி வந்துவிட்டது.

ஞாயிறு காலை

இனி மாறாமலிருக்க, கார்டின் மேக் முகவரியை வைத்து ஒரு லிங்க் கோப்பு எழுதி ‘லேன்0’ என்று பெயரிட்டேன். ஈத்0 என்றே வைத்தால் கர்னலோடு மோதும்.

கிளைக் கடை மெஷின் பாக்கி. அங்கே மானிட்டர் மாட்ட ஆள் கிடையாது. ரீபூட்டுக்கு முன்பே யுடெவ்ஏடிஎம் கட்டளையால் வரப்போகும் பெயரைப் பார்த்துவிடலாம். அதைக் கோப்பில் எழுதிய பிறகுதான் அங்கே ரீபூட்.