கேமரன் மலையிலிருந்து கொண்டுவந்தவை

கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிற்கும் கார்களின் பின்கண்ணாடியைப் பாருங்கள். சோளம், முட்டைக்கோசு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தாளில் சுற்றிய பூங்கொத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ட்ராபெர்ரி வடிவத்தில் ஒரு சிவப்புத் தலையணை. போன பள்ளி விடுமுறையில் எங்கள் காரும் அப்படித்தான் இறங்கி வந்தது. ஏழு வயது மகன், நான்கு வயது மகள், மனைவி, நான், கூடவே அறுபத்தெட்டு வயது அம்மா.

அம்மா முதலில் வர மறுத்தார். "அங்கே என்னடா இருக்கு பார்க்க? பனியும் அட்டையும்தானே!" என்றார். சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவர் பிறந்ததே ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில்தான். தாத்தா கங்காணி மூலமாகக் கப்பலேறி வந்தவர். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை இங்கே அனுப்புவதை நிறுத்தியதே, அதற்குச் சற்று முன்னால். 1967இல் பாட்டி காய்ச்சலில் இறந்துபோக, தாத்தா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். அப்போது அம்மாவுக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு மலை ஏறவே இல்லை. பாட்டியின் புகைப்படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. திதியன்று தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கை மட்டும் வைத்து, அதுதான் பாட்டி என்று கும்பிட்டு வளர்ந்தவன் நான்.

"பாட்டி பொறந்த வீட்டைக் காட்டுங்க" என்று மகன் கேட்ட பிறகுதான் அம்மா துணிமணியை எடுத்து வைத்தார்.

கோலாலம்பூரிலிருந்து போக இரண்டு வழி. ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுவது அகலமான புதுச் சாலை. பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டாது. நாங்கள் பழைய தாப்பா சாலையில் போனோம், அம்மாவுக்காக. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் நேராக நூறு அடி போனால் அதிசயம். அசாம் போய் ஒரு பொட்டலம் கையில் இருப்பது நல்லது. லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கிக் கால் நனைத்தோம். வழியெல்லாம் பூர்வகுடி மக்களின் சிறு கடைகள்: பெத்தாய்க் கொத்துகள், காட்டுத் தேன், மூங்கில் குழாய்கள். ஒரு கட்டுப் பெத்தாய்தான் எங்கள் முதல் கொள்முதல். அடுத்த மூன்று நாளும் கார் முழுக்க அதன் வாசம்தான்.

இந்த மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். 1885இல் இந்தப் பக்கம் வந்து பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் மலை பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க ஏற்ற இடம் என்று சொன்ன பிறகுதான் சாலையும் பங்களாக்களும் வந்தன. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்னுடன் சேர்ந்து போ நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு பழைய சாலை உருளை, சில கோவேறு கழுதைகள், மனித உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு காட்டைத் தோட்டமாக்கியதாக நிறுவனத்தின் கதை சொல்கிறது. அந்த மூன்றாவதில்தான் நம் ஆட்கள் வருகிறார்கள்.

ரிங்லெட்டைத் தாண்டியதும் ஏரி. 1960களின் தொடக்கத்தில் மின்சாரத்துக்காகச் சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டியதால் உண்டான ஏரி அது. கட்டும்போது லாரி லாரியாக மண் போனது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. "தண்ணியில மலை தெரியும்" என்றார். இப்போது தெரிந்தது தேத்தண்ணி நிறத்தில் சேற்றுத் தண்ணீர்தான். மேலே மலைச்சரிவுகளைச் சுரண்டிப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மழை பெய்தால் மண் நேராக ஏரிக்குத்தான் வருகிறது. எவ்வளவு தூர் வாரினாலும் தீர்வதில்லை. 2013 அக்டோபரில் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் மூழ்கி உயிர்கள் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கியா ஃபார்ம் சந்தையில் முட்டைக்கோசு மலிவாகக் கிடைக்கிறது என்று நாமெல்லாம் மகிழ்கிறோம். அந்த மலிவுக்கு ஏரி கொடுக்கும் விலை ஒன்று இருக்கிறது. காரை நிறுத்தி அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனால் புரியும்.

தானா ராத்தாவில் தங்கினோம். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். மாலையில் பிள்ளைகளுக்குக் குளிராடை தேவைப்பட்டது. அம்மாவோ "அப்பெல்லாம் இதைவிடக் குளிர்" என்று ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தார். இரவு ஸ்டீம்போட். "வெந்நீர்ல காய்கறியைப் போட்டு நம்மளையே எடுத்துக்கச் சொல்றதுக்கு இவ்வளவு வெள்ளியா?" என்று கேட்டு, அடுத்த வேளைக்கு எங்களை ரொட்டி சானாய்க் கடைக்கு இழுத்துப் போய்விட்டார்.

என் மனைவிக்கு ஜிம் தாம்சன் கதையில் ஆர்வம். தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தை பிடித்துக் கொடுத்த அந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள் எல்லோரும் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. மனைவி இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது அம்மா குறுக்கிட்டார். "தெரியுமே! தொரை காணாமப் போயிட்டாருன்னு எங்களை விறகு பொறுக்கக்கூட விடல. அந்த வருசந்தான் எங்கம்மாவும் போச்சு." உலகம் இன்னும் அந்த ஆளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை சுங்கை பாலாஸ் தேயிலை மையம். திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாள்களில் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். தோட்டச் சாலை ஒரு கார் அகலம்தான், எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னுக்குப் போயாக வேண்டும். மேலே போனதும் சரிவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டிய காட்சிதான். பச்சைக் கம்பளம் என்று எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. எனக்கு அது சீவி வகிடெடுத்த தலைகள் போலத் தெரிந்தது.

அம்மா மேடைக்கு வரவில்லை. தொழிற்சாலை வாசலிலேயே நின்றுவிட்டார். வாட்டலுக்குப் போட்ட இலையின் வாசம் அங்கே அடிக்கும், வெட்டிய புல்லும் பழுத்த பழமும் கலந்தாற்போல. பேரனுக்கு அவரே விளக்கினார். கொழுந்தை இரவெல்லாம் காற்றில் வாட்ட வேண்டும், பிறகு உருளையில் போட்டுக் கசக்க வேண்டும், அப்புறம் பரப்பி வைத்தால் காற்றுபட்டுச் செம்பு நிறமாகும். அதைப் புளிக்க வைப்பது என்பார்கள். சூட்டில் உலர்த்திச் சலித்தால் தூள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். "அப்ப பாட்டி, ஒரு கூடை நிறைய எடுத்தா?" என்றான் மகன். "உங்கப்பா ஒரு மாசம் குடிக்கிறதுக்குக்கூடப் பத்தாது."

சரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து மகன் கையசைத்து "வணக்கம்" என்றான். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளை. தேயிலைத் தோட்டம் என்றால் தமிழர் என்று வீட்டில் கேட்டு வைத்திருக்கிறான். அவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு "செலாமாட் பாகி" என்றார். வங்காளதேசத்துக்காரர், வந்து நான்கு ஆண்டு ஆகிறதாம். இன்று இந்தத் தோட்டங்களில் பெரும்பாலும் அவர்களும் நேப்பாளத்தவரும் இந்தோனேசியரும்தான். கையால் கிள்ளுவதும் அரிது. பை கட்டிய பெரிய கத்தரியால் வெட்டுகிறார்கள், சரிவு அனுமதித்தால் இயந்திரம். அம்மா வெகுநேரம் பார்த்தார். "முடி வெட்டுற மாதிரி இருக்கு. எங்கம்மாவுக்கு நகமெல்லாம் கருப்பா இருக்கும், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது." பாட்டியின் உடம்பைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் செய்தி அது.

கடையில் மாம்பழ வாசனை, ரோஜா வாசனை என்று அழகழகான டப்பாக்கள் இருந்தன. மனைவி இரண்டு எடுத்தாள். அம்மா சாதாரணத் தூள் பொட்டலம் நான்கு எடுத்தார். "தண்ணியில போட்டா நிறம் வரணும், வாசனைக்குப் பூ இருக்கு."

மூன்றாம் நாள் இறங்கும் வழியில் அம்மாவின் தோட்டம். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். வாசலில் இருந்த காவலாளி தமிழர். "யாரைப் பார்க்கணும்?" என்றார். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. "யாரையும் இல்லைங்க. நான் இங்கே பொறந்தவ" என்றார். அவர் தடுப்பை உயர்த்திவிட்டு, கோயில்வரை போகலாம் என்றார்.

லயங்கள் இல்லை. அந்த இடத்தில் தகரக் கூரை போட்ட கல்வீடுகள். பெரட்டுக் களத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் அதே மேட்டில், புது வண்ணத்தில். மகன் எதிர்பார்த்த வீடு இல்லாததால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அம்மா கல்படிகளை எண்ணிப் பார்த்தார். பதினேழு. சரியாக இருக்கிறதாம்.

கோயிலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களை விசாரித்தார். அம்மாவைவிட ஏழெட்டு வயது இளையவர். அந்தத் தோட்டத்தை விட்டுப் போகாத சில குடும்பங்களில் ஒன்று. பேச்சு எங்கெங்கோ போய், "உங்க அம்மா என்ன வேலை?" என்பதில் வந்து நின்றது. கொழுந்து எடுத்தவர், கடைசி நான்கைந்து ஆண்டு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் என்றார் அம்மா. அந்தப் பெண்மணி பூவைக் கீழே வைத்தார். "ஆயாக்கொட்டகை ஆயா மகளா நீங்க? எனக்குத் தொட்டில் ஆட்டினது அவங்கதான்னு எங்கம்மா சொல்லும்க்கா."

வீட்டுக்கு அழைத்துப் போய் மைலோ கலக்கிக் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின். உள்ளே பழைய அடையாள அட்டைகள், சம்பளச் சீட்டுகள், இரண்டு மூன்று படங்கள். ஒரு படத்தில் ஓலைத்தடுப்புக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருக்க, பின்னால் மூன்று பெண்கள். இடது ஓரத்தில் நின்றவரின் முகத்தில் பாதி நிழல். யாரும் சொல்லும் முன்பே அம்மா அந்த முகத்தில் விரலை வைத்துவிட்டார்.

அம்மா அழவில்லை. "சேலை முந்தானையை இப்படித்தான் இழுத்துச் செருகும்" என்று மட்டும் சொன்னார், இரண்டு தடவை. நான் கைப்பேசியில் ஜன்னல் வெளிச்சத்தில் ஏழெட்டுப் படம் எடுத்தேன். மகன் எட்டிப் பார்த்து, "அப்பா, இவங்க தங்கச்சி மாதிரியே இருக்காங்க" என்றான். எனக்கு அப்படித் தெரியவில்லை; மனைவிக்குத் தெரிந்தது. புறப்படும்போது அந்த அக்கா தோட்டத்துச் சௌசௌ ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார்.

ஸ்ட்ராபெர்ரி இரண்டாம் நாளே குழைந்துவிட்டது. வாங்குபவர்கள் அங்கேயே தின்றுவிடுவது நல்லது. சோளம் ஒரே நாளில் தீர்ந்தது. மகள் அடம்பிடித்து வாங்கிய கள்ளிச்செடி கிள்ளான் வெயிலில் நன்றாகவே இருக்கிறது. சௌசௌவில் ஒன்றை அம்மா சமைக்காமல் மூலையில் வைத்திருந்தார், இப்போது முளைவிட்டுவிட்டது. கீழே காய்க்காது என்கிறார்கள், அவர் தொட்டி தேடிக்கொண்டிருக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் போட ஸ்டூடியோவுக்குப் போனபோது, நிழலை எடுத்துவிட்டு முகத்தைத் தெளிவாக்கித் தரலாம் என்று கணினியில் செய்து காட்டினார் அந்தத் தம்பி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது யாரோ மாதிரி இருக்கு தம்பி. இருக்கிறபடியே போடுங்க." மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், ஒன்று ஈப்போவில் இருக்கும் சின்னம்மாவுக்கு. மூன்றாவதை, தூள் தீர்ந்ததும் வாங்கப் போகும்போது அந்தத் தோட்டத்து அக்காவிடம் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார். நான்கு பொட்டலத்தில் இரண்டு முடிந்துவிட்டது.