சனிக்கிழமை நிலையம்

பெரிய பொருளைச் சிறிதாக்கிப் பார்க்கும் விருப்பம் மனிதனுக்கு இயல்பானது. தேரோட்டத்தைக் கண்ட குழந்தை வீடு திரும்பியதும் சிறுதேர் உருட்டத் தொடங்குகிறது. பிள்ளைத்தமிழ் அதனை ஒரு பருவமாகவே வைத்துப் பாடுகிறது. அந்த விருப்பம் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் பல ஊர்களில், வார இறுதி நாள்களில், பணி ஓய்வு பெற்ற முதியவர்களும் அலுவலகம் செல்வோரும் பள்ளி மாணவர்களும் ஒரே மேசையைச் சுற்றி நின்று மாதிரித் தொடர்வண்டிகளை உருவாக்குகின்றனர். அவர்கள் செய்வது விளையாட்டுப் பொருளா, வேறொன்றா என்பதை அவர்களுடைய ஒரு சனிக்கிழமை காட்டும்.

துணி விலகும் நேரம்

மேகம் கவிந்த காலைப்பொழுது. ஒரு சிற்றூரின் பழைய பள்ளிக் கட்டடத்தில் பின்னறை ஒன்றை மாதிரி இருப்புப்பாதைக் கழகத்தினர் வாடகைக்கு எடுத்திருக்கின்றனர். முதலில் வருபவர் விளக்கை ஏற்றுகிறார். அடுத்து வருபவர் தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கிறார். அதன் பின்னரே மேசைமீது போர்த்தியிருக்கும் துணி விலக்கப்படுகிறது. ஒட்டுப்பலகையாலான அடித்தளத்தின்மேல் ஒரு கிராமம் வெளிப்படுகிறது. ஒற்றை நடைமேடை, சரக்குக் கொட்டகை, கைகாட்டி மரம், நீர்த்தொட்டி, பணியாளர் குடியிருக்கும் சிறு வீடு, அதற்கப்பால் மேயும் மாடுகள். ஆறடி உயரமுள்ள மனிதர் இங்கே 24 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறார்.

வண்டியை உடனே ஓட்டிவிட முடியாது. எஞ்சினுக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வந்து சக்கரத்தில் ஏறுகிறது. இடையில் மெல்லிய தூசுப்படலம் படிந்தாலும் மின்னோட்டம் தடைப்பட்டு வண்டி நின்றுவிடும். ஆகவே முதல் அரைமணி நேரம் தண்டவாளத்தைத் துடைப்பதிலேயே கழிகிறது. பேச்சும் அப்போதே தொடங்கிவிடுகிறது. ஒருவருடைய முழங்கால் வலி, மற்றொருவருடைய பேத்தி நடக்கத் தொடங்கிய செய்தி, பழைய எஞ்சின் ஒன்றை வாங்கியவர் அதன் விலையைத் தம் வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொன்ன கதை என்று பேச்சு எங்கெங்கோ சென்று திரும்புகிறது. கை மட்டும் தண்டவாளத்தை விட்டு விலகுவதில்லை.

இந்தப் பொழுதுபோக்கு நெடிய வரலாறு உடையது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் நகரச் சந்தையில் வரையறுத்த அளவுகளைக் கொண்ட பொம்மைத் தொடர்வண்டிகளை அறிமுகப்படுத்தியது. ஒரே அளவில் தண்டவாளம் கிடைத்ததால், ஒருமுறை வாங்கியதோடு மேலும் மேலும் சேர்த்துப் பாதையை நீட்ட முடிந்தது. 1910இல் லண்டனில் மாதிரி இருப்புப்பாதைக் கழகம் தோன்றியது. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் தம் பெயரிலேயே தொடர்வண்டிகளை வெளியிட்டார். பொம்மையாகத் தொடங்கியது மெல்ல மெல்ல ஒரு கலையாக வளர்ந்தது.

இரண்டு மில்லிமீட்டர் வழக்கு

கழகத்தில் ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் இருக்கிறார். எந்தப் பொருளைக் காட்டினாலும் உருப்பெருக்கியை எடுத்துவிடுவார். எஞ்சினின் உடலில் உண்மையில் எத்தனை ஆணித்தலைகள் இருந்தனவோ அத்தனையும் மாதிரியிலும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இத்தகையவர்களை இங்கிலாந்தின் ஆர்வலர்கள் ‘ஆணித்தலை எண்ணுபவர்’ என்று கேலியாக அழைப்பதுண்டு.

அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் மிகுதியாகப் பயன்படும் அளவின்படி, உண்மைப் பொருளின் ஓரடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர் ஆகும். உண்மையான இருப்புப்பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். அதைக் கணக்கிட்டுச் சுருக்கினால் 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர் அகலமே உடையது. இக்குறைக்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் எஞ்சின்கள் ஐரோப்பாவின் பிற நாடுகளின் எஞ்சின்களைவிடச் சிறியவை. அவற்றைச் சற்றுச் சிறிய ஐரோப்பிய அளவில் செய்தபோது, அக்காலத்து மின்மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே எஞ்சினின் உடலைச் சற்றுப் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டார்கள்.

“பார்வையாளர் யாருக்கும் தெரியப் போவதில்லை” என்பார் ஒருவர்.

“எனக்குத் தெரியுமே” என்பார் கணக்கர்.

இரண்டு மில்லிமீட்டருக்காக இவ்வளவு பேச்சா என்று வெளியிலிருந்து கேட்பவர் வியக்கலாம். ஆயினும் அந்தப் பேச்சுக்குள் ஒரு பெரிய வினா இருக்கிறது. பிறர் அறியாத இடத்திலும் ஒரு செயல் சரியாக இருக்க வேண்டுமா? கணக்கர் தம் வீட்டில் சரியான அகலத்தில் தண்டவாளத்தைத் தாமே கையால் அமைக்கிறார். கழகத்தின் மேசையில் மற்றவர்களோடு சேர்ந்து 16.5 மில்லிமீட்டர் பாதையில் வண்டி ஓட்டுகிறார். கொள்கையையும் தோழமையையும் அவர் ஒருசேரக் காத்துக்கொள்கிறார்.

பலகைக்குக் கீழே

இக்கழகங்களில் இரு வகையினரைக் காணலாம். ஒரு வகையினர் பலகைக்கு மேலே வேலை செய்கின்றனர்; மரம், கூரை, புல்வெளி, வண்ணம் ஆகியவை அவர்களுடைய உலகம். மற்றொரு வகையினர் பலகைக்குக் கீழே குனிந்திருக்கின்றனர். மின்கம்பி, விசை, சுற்றுவழி ஆகியவை அவர்களுடைய உலகம். மேலே ஒரு கைகாட்டி தாழ்வதற்குக் கீழே பல இணைப்புகள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்.

கீழே குனிந்திருந்தவர்கள் உலகையே மாற்றிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்களின் மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் மின்னிணைப்புக் குழுவினர் தொலைபேசிக் கருவிகளிலிருந்து கிடைத்த உறுப்புகளைக் கொண்டு சிக்கலான கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கினர். அவர்களுள் சிலர், 1950களின் பிற்பகுதியில் அங்கு வந்த கணினிகளை நோக்கி அதே ஆர்வத்தோடு திரும்பினர். இன்று கணினி உலகில் வழங்கும் ‘ஹேக்’ என்னும் சொல், நுட்பமும் குறும்பும் கலந்த செயலைக் குறிப்பதற்கு அச்சங்கத்தினரால் பழக்கத்தில் விடப்பட்டதாகும்.

சிற்றூர்க் கழகத்தில் பலகைக்குக் கீழே பெரும்பாலும் இருப்பவன் பதினாறு வயது மாணவன் ஒருவன். அவனுக்குப் பழைய நிலையங்களைப் பற்றி அக்கறையில்லை. ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கும் எண்ம முறைக் கட்டுப்பாடுதான் அவனை அங்கே ஈர்த்தது.

இல்லாத ஊருக்கு ஒரு நிலையம்

ஒரு நாள் அவன் கேட்டான்: “இந்த நிலையம் இப்போது எங்கே இருக்கிறது?”

“இல்லை” என்றார், இளமையில் நீராவி எஞ்சினில் நிலக்கரி அள்ளிப் போடும் பணியைச் செய்த முதியவர். “தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நடைமேடை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.”

“இல்லாத ஒன்றை ஏன் கட்டுகிறீர்கள்?”

முதியவர் உடனே விடை கூறவில்லை. துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். “இருப்பதைப் பார்க்க நான் அங்கேயே போய்விடுவேனே” என்றார்.

அவர் சொன்னதன் பின்னணியில் ஒரு நாட்டின் மாற்றம் இருக்கிறது. சாலைப் போக்குவரத்து பெருகி, பிரிட்டனின் இருப்புப்பாதைத் துறை பேரிழப்பைச் சந்தித்த காலத்தில், 1963 மார்ச்சில் ரிச்சர்டு பீச்சிங்கின் அறிக்கை வெளிவந்தது. 2363 நிலையங்களையும் ஏறத்தாழ 5000 மைல் நீளமுள்ள பாதைகளையும் மூடலாம் என்று அது பரிந்துரைத்தது. சில பாதைகள் மக்களின் எதிர்ப்பால் தப்பின, பல மறைந்தன. 1968 ஆகஸ்டில் முதன்மைப் பாதைகளிலிருந்து நீராவி எஞ்சின்களும் விடைபெற்றன. பால் கலன்களும் கடிதப் பைகளும் பள்ளிப் பிள்ளைகளும் வந்துபோன கிளைப்பாதை நிலையங்கள் ஓசையின்றி ஒழிந்தன.

மறைவதைச் சிறிய உருவிலேனும் காக்கலாம் என்று கருதியவர்களுள் முன்னோடி ராய் இங்கிலாந்து. ஆஸ்திரேலியாவில் பிறந்த அவர் 1925இல் பிரிட்டன் வந்தார். இருப்புப்பாதைகளைக் காண வந்தவரின் கண்ணில், ஆக்ஸ்போர்டுக்குத் தென்மேற்கே இருந்த பள்ளத்தாக்குக் கிராமங்கள் பட்டன. அங்கே பழைய வீடுகள் உருமாறி வருவதைக் கண்டார். வீடுகளை அவரால் காக்க இயலவில்லை. அவற்றின் அளவையும் கல்லின் நிறத்தையும் தோட்டத்தையும் குறித்துக்கொண்டு, அட்டையால் மாதிரிகளைச் செய்யத் தொடங்கினார். லாங் விட்டன்ஹாம் என்னும் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம் அந்த முயற்சியின் பயன். அவருக்குப் பின்னும் தன்னார்வலர்கள் அப்பணியைத் தொடர்கின்றனர். ஒரு வீட்டைச் செய்து முடிக்கப் பல மாதங்களை அவர்கள் செலவிடுவதுண்டு.

வாயிற்கதவின் நிறம்

வசந்தகாலத்தில் கழகத்தின் கண்காட்சி நடந்தது. அடித்தளப் பலகைகளைப் பிரித்து, வாகனத்தில் ஏற்றி, அரங்கில் மீண்டும் பொருத்தினார்கள். வரைந்த வானத்தின் பின்னே, பார்வையாளர் காணாத இடத்தில், அடுத்து வரவேண்டிய வண்டிகள் காத்திருந்தன. காலை முதல் மாலை வரை கால அட்டவணைப்படி அவை வந்துபோயின. நண்பகலில் ஒரு சரக்குப் பெட்டி தடம் புரண்டது. வானத்திலிருந்து ஒரு பெரிய கை இறங்கி அதை எடுத்து வைத்ததும் குழந்தைகள் சிரித்தார்கள். மாணவன் முகம் சிவந்தான்.

பிற்பகலில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மேசையின் முன் வந்து நின்றார். வண்டிகள் வந்தன; போயின. அவர் வண்டிகளைப் பார்க்கவில்லை. நடைமேடையின் கோடியில் இருந்த சிறு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வாயிற்கதவு பழுப்பு நிறம் இல்லை” என்றார்.

அருகில் நின்ற மாணவன் பணிவோடு விளக்கினான். அந்த இருப்புப்பாதையின் கட்டடங்களுக்கு எந்த வண்ணம் பூச வேண்டும் என்பதற்கு விதி உண்டு. அதைப் பார்த்தே பூசியிருக்கிறார்கள்.

“விதி அதுவாக இருக்கலாம். என் தந்தை அங்கே சுமைப் பணியாளராக இருந்தார். வண்டியில் பூசி மிஞ்சிய பச்சை வண்ணம் யாரோ கொடுத்தது. அதை அந்தக் கதவுக்குப் பூசினார். அதிகாரி வந்து கடிந்துகொண்டார். என் தந்தை சரி என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.”

அவர் சிரித்தார். பிறகு கைக்குட்டையைத் தேடினார். மேலும் சிறிது நேரம் நின்றுவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை துணி விலக்கப்படுமுன்பே வழக்கு தொடங்கியது. கழகத்திடம் இருந்த ஒளிப்படங்கள் அனைத்தும் கறுப்பு வெள்ளை. அவற்றில் பச்சையும் பழுப்பும் ஒரே சாம்பல் நிறமாகவே தெரிந்தன. நிலக்கரி அள்ளிய முதியவரைக் கேட்டார்கள். “நூறு முறையாவது அந்த நிலையத்தில் நின்றிருப்பேன். நெருப்பைத்தான் பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை” என்றார் அவர். எல்லோரும் கணக்கரை நோக்கினார்கள். ஆவணம் இல்லாமல் அவர் எதையும் ஏற்றவரில்லை.

கணக்கர் உருப்பெருக்கியை எடுத்து அந்தக் கதவை நெடுநேரம் பார்த்தார். “எனக்கு விதி தெரியும், அந்தக் கதவு தெரியாது. தெரிந்தவர் வந்து சொல்லிவிட்டார். சரியாக இருக்க வேண்டும் என்றால் அது பச்சையாகத்தான் இருக்க வேண்டும்” என்றார்.

மாணவன் அன்று பலகைக்குக் கீழே குனியவில்லை. நுண்ணிய தூரிகையை எடுத்தான். 12 மில்லிமீட்டர் உயரமே உள்ள கதவில் மூச்சை அடக்கிப் பச்சை வண்ணம் தீட்டினான். முதல் பச்சை புதிதாக மின்னியது. வெயிலிலும் மழையிலும் நின்ற கதவு அப்படி இராது என்று எண்ணி, சிறிது சாம்பல் நிறம் கலந்து மீண்டும் தீட்டினான். தாழ்ப்பாளின் அருகே, கை படும் இடத்தில், வண்ணம் சற்றுத் தேய்ந்தது போலவும் விட்டான். அதைச் செய்யுமாறு அவனிடம் யாரும் சொல்லவில்லை.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பேச்சு மறுபடியும் முழங்கால் வலிக்கும் பேத்திக்கும் திரும்பியிருந்தது. முதியவர் விசையைத் திருப்பினார். கைகாட்டி தாழ்ந்தது. இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு சிறிய எஞ்சின் மெல்ல நிலையத்துக்குள் வந்து, அந்தப் பச்சைக் கதவின் முன்னே நின்றது.